தண்ணி எங்க போகுது? கற்பனை உலகத்துக்கு மேப் வரைய ஆரம்பிக்கறவங்களுக்கு

நான் முதல்முதலா ஒரு கற்பனை உலகத்துக்கு மேப் வரைஞ்சப்ப எனக்கு இருபது வயசு இருக்கும், ஃபேன்டஸி கதை ஒண்ணு எழுதணும்னு வெறி, கதையில ஒரு பத்தி கூட எழுதல ஆனா மேப் மட்டும் சார்ட் பேப்பர்ல கலர் பென்சில் எல்லாம் போட்டு மூணு நாள் உக்காந்து வரைஞ்சாச்சு. வடக்க பனிமலை, தெக்க எரிமலை, நடுவுல பெரிய ஏரி, அந்த ஏரியில இருந்து நாலு பக்கமும் நாலு ஆறு கிளம்பி நாலு கடலுக்குப் போகும். பாக்க கோலம் மாதிரி அம்சமா இருந்துச்சு. அப்ப ஊர்ல இருந்து எங்க பெரியப்பா வந்திருந்தாரு, கும்பகோணம் பக்கம் விவசாயம் பண்றவரு, கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கி விட்டுட்டு மேப்ப பாத்தாரு. நான் உசுரக் குடுத்து வரைஞ்ச டிராகனை எல்லாம் அவர் கண்டுக்கவே இல்ல. "ஏண்டா, இந்த ஏரிக்கு தண்ணி எங்கேருந்து வருது? நாலு பக்கமும் வெளியதானடா போகுது?"ன்னாரு. நான் முழிச்சேன். "சரி அத விடு, இந்த ஆறு மலை மேல ஏறி அந்தாண்ட இறங்குதே, மோட்டார் வச்சிருக்கியா?"

மேப் வரையறதுல எனக்குத் தெரிஞ்சது பூரா அந்த ரெண்டு கேள்வியில இருந்து கிளம்பினதுதான். கதைக்கோ, ஃப்ரெண்ட்ஸோட டைஸ் உருட்டி விளையாடற டேபிள்டாப் கேமுக்கோ, வீடியோ கேமுக்கோ, இல்ல சும்மா ஞாயித்துக்கிழம பொழுது போகறதுக்கோ, இல்லாத ஒரு நாட்டை பேப்பர்ல உண்டாக்கறதுதான் ஃபேன்டஸி மேப். நெறய பேர் இத ஓவியம்னு நெனச்சுட்டு எனக்கு டிராயிங் வராதுங்கன்னு ஒதுங்கிடறாங்க. டிராயிங் கடைசியில வர்ற சமாச்சாரம், மலைக்கு ஒரு கூம்பு மரத்துக்கு ஒரு குச்சி போடத் தெரிஞ்சா போதும், மிச்ச வேலை எல்லாம் யோசிக்கறதுலதான் இருக்கு, அந்த யோசனையிலயும் முக்கால்வாசி தண்ணியப் பத்தித்தான்.

கதை முதல்லயா மேப் முதல்லயான்னு எல்லாரும் கேப்பாங்க. ரெண்டும் நடக்கும். 1881ல ஸ்காட்லாந்துல பிரேமர்ங்கற ஊர்ல மழை விடாம பெய்ஞ்சு வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தப்ப ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் தன்னோட வளர்ப்புப் பையனோட சேந்து பொழுதுபோக்கா ஒரு தீவோட மேப் வரைஞ்சாரு, அந்த மேப்பை பாத்துட்டே இருந்ததுலதான் புதையல் தீவு கதையே அவருக்குள்ள வந்துச்சு. இதுல கூத்து என்னன்னா புத்தகமா போடறப்ப அந்த ஒரிஜினல் மேப் வழியில தொலஞ்சு போச்சு. மனுஷன் தான் எழுதின கதைய முழுசா திரும்பப் படிச்சு, எங்க எந்தக் குன்று எங்க எந்த ஓடைன்னு குறிச்சு எடுத்து, அதுக்குப் பொருந்தற மாதிரி புதுசா வரைய வேண்டியதாயிடுச்சு, அது முதல் மேப் மாதிரி வரவே இல்லன்னு அவருக்கு கடைசி வரைக்கும் மனக்குறை. அதனால என் கட்சி மேப் முதல்ல. குறைஞ்சபட்சம் கதையோட முதல் அத்தியாயத்துக்கு முன்னாடி ஒரு கிறுக்கலாவது. ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கங்க, தொலஞ்சா தொல்லை.

சரி ஆரம்பிப்போம். வெள்ளைப் பேப்பரை பாத்து கை நடுங்குதுன்னா ஒரு பழைய தந்திரம் இருக்கு, சமையக்கட்டுல போய் ஒரு பிடி அரிசியோ உளுந்தோ எடுத்துட்டு வந்து பேப்பர் மேல மெதுவா கொட்டுங்க, குவியலா விழுந்த எடம் கண்டம், தெறிச்சு விழுந்தது தீவு, வெளி ஓரத்தை பென்சில்ல அப்படியே சுத்திடுங்க. கடற்கரை அவ்ளோதான் முடிஞ்சுது. நம்ம கையால வரைஞ்சா எல்லா வளைவும் ஒரே மாதிரி உருளைக்கிழங்கு ஷேப்ல வரும், அரிசி அப்படி விழாது. (அரிசிய வேஸ்ட் பண்ணாதீங்க, எங்கம்மாகிட்ட நான் வாங்கினத நீங்களும் வாங்காதீங்க.) ரெண்டு கண்டம் பக்கத்துல பக்கத்துல வரையறீங்கன்னா ஒண்ணோட ஓரம் இன்னொண்ணோட ஓரத்துல பொருந்தற மாதிரி வரைஞ்சா ஒரு காலத்துல ஒண்ணா இருந்து பிரிஞ்ச மாதிரி தெரியும், தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் அப்படித்தான இருக்கு. கடற்கரைக்கு இது போதும்.

அடுத்தது மலை. புதுசா வரையறவங்க மலைய மிளகு தூவற மாதிரி மேப் பூரா தூவுவாங்க, இல்லன்னா நாட்டைச் சுத்தி நாலு பக்கமும் மதில் கட்டின மாதிரி சதுரமா நிறுத்துவாங்க. மலை பெரும்பாலும் தொடராத்தான் வரும், ஏன்னா பூமியோட மேல் ஓடு துண்டு துண்டா இருக்கு, அதுல ரெண்டு துண்டு மோதற எல்லையிலதான் நிலம் மடிஞ்சு எழும்புது, எல்லைன்னா அது ஒரு கோடுதான், அதனால மலையும் கோடா நிக்குது. இந்தியா போய் ஆசியா மேல முட்டினதுல இமயமலை 2400 கிலோமீட்டருக்கு வில்லு மாதிரி வளைஞ்சு நிக்குது. ஆண்டீஸ் 7000 கிலோமீட்டர், தென் அமெரிக்காவோட மேற்கு ஓரத்தை விடாம ஒட்டிக்கிட்டே போகுது. அதனால ஒரு கோடு இழுத்துட்டு, இங்க மோதுச்சுன்னு மனசுல வச்சுக்கிட்டு அதுமேல மலைய அடுக்குங்க, நடுவுல உயரம், ரெண்டு ஓரத்துலயும் சின்ன குன்றுங்க. தனியா ஒரே ஒரு மலை வேணும், அதுல ஒரு அரக்கன் இருக்கணும்னா அத எரிமலைன்னு சொல்லிடுங்க, யாரும் கேக்க மாட்டாங்க.

இல்லாத மலைய வரையறது நாம மட்டும் பண்ற வேலை இல்லங்கறது ஒரு ஆறுதல். 1798ல ஜேம்ஸ் ரென்னல்னு ஒருத்தர், நம்ம வங்காளத்தை எல்லாம் சர்வே பண்ணி பேர் வாங்கினவரு, மேற்கு ஆப்பிரிக்கா மேப்ல காங் மலைத்தொடர்னு ஒண்ணை கிழக்கு மேற்கா நீளமா போட்டாரு. அப்படி ஒரு மலைத்தொடரே அங்க கிடையாது. அப்புறம் வந்தவங்க ஒருத்தர பாத்து ஒருத்தர் காப்பியடிச்சு ஒரு தொண்ணூறு வருஷம் அந்த மலை அட்லஸ்ல நின்னுச்சு, 1887ல கிளம்பின பின்ஷேங்கற பிரெஞ்சுக்காரரு அந்தப் பக்கம் சுத்திட்டு வந்து இங்க மலையும் இல்ல ஒண்ணும் இல்லன்னு சொன்ன பிறகுதான் அது மறைஞ்சுச்சு. ரென்னல் ஏன் அங்க மலை போட்டாருங்கறதுதான் நமக்குப் பாடம். நைஜர் ஆறு கடலுக்கு இத்தன பக்கத்துல பொறந்துட்டு உள்நாட்டைப் பாத்து கிழக்க ஓடுதே, ஏன் தெக்க திரும்பி கடலுக்குப் போகலங்கறதுக்கு ஒரு காரணம் வேணும்ல, நடுவுல மலை தடுக்குதுன்னா கணக்கு சரியா வந்துடும். நிஜத்துல என்னன்னா நைஜர் பெரிய வட்டமா சுத்திட்டு தெக்க திரும்பி கினியா வளைகுடாவுலதான் விழுது, 1830ல லேண்டர் சகோதரர்கள் படகுலயே போய் அந்த முகத்துவாரத்தை கண்டுபிடிச்சாங்க. தண்ணி எங்க போகுதுன்னு தெரியாத ஒரே காரணத்தால ஒரு மலைத்தொடரே முளைச்சிருச்சு பாருங்க.

இப்ப ஆறு. இந்த ஒண்ணை மட்டும் ஒழுங்கா பண்ணிட்டா உங்க மேப் பாதிக்கு மேல நம்பற மாதிரி ஆயிடும், இத சொதப்பினா வேற எவ்ளோ அழகா வரைஞ்சாலும் எங்க பெரியப்பா மாதிரி ஒருத்தர் வந்து நிப்பாரு. மூணு விஷயம்தான், ஆனா மூணையும் நான் என் முதல் மேப்ல மீறியிருந்தேன். தண்ணி மேட்டுல இருந்து பள்ளத்துக்குத்தான் போகும். ஆறுங்க போகப்போக ஒண்ணோட ஒண்ணு சேரும், பிரியறது அபூர்வம். ஒரு கடல்ல ஆரம்பிச்சு இன்னொரு கடல்ல முடியற ஆறுன்னு ஒண்ணு கிடையாது, அதுக்குப் பேர் ஜலசந்தி.

காவேரியவே எடுத்துக்கங்களேன். குடகுல தலைக்காவேரியில பொறக்குது, அங்கேருந்து அரபிக்கடல் நூறு கிலோமீட்டர் கூட இல்ல, ஆனா அது அந்தப் பக்கம் எட்டிக்கூட பாக்காம கிழக்க திரும்பி 800 கிலோமீட்டர் நடந்து வங்காள விரிகுடாவுக்கு வருது, ஏன்னா மேற்குத் தொடர்ச்சி மலையோட முதுகு மேற்கு ஓரத்துல இருக்கு, நிலம் பூரா கிழக்க சாஞ்சிருக்கு. அந்த முதுகுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழற துளி இங்க வரும், அந்தப் பக்கம் விழற துளி அங்க போகும். உங்க மேப்லயும் மலை வரைஞ்சதும் முதல்ல அந்த முதுகுக் கோட்டை லேசா பென்சில்ல போட்டுடுங்க, எந்த ஆறும் அத தாண்டக் கூடாது. அப்புறம் காவேரி வர்ற வழியில பாருங்க, ஹேமாவதி சேருது, கபினி சேருது, பவானி கூடுதுறையில பவானி, அப்புறம் நொய்யல், கரூர் தாண்டி அமராவதி, சேர்றதுதான் வேலை. மரத்தோட கிளைங்க அடிமரத்துல வந்து சேர்ற மாதிரி. வழியில ஒண்ணு ரெண்டு தீவைச் சுத்திட்டு உடனே சேர்றத விட்டா, திருச்சி கிட்ட முக்கொம்பு வந்த பிறகுதான் பெருசா பிரியுது, ஒரு கை கொள்ளிடம், ஒரு கை காவேரி, நடுவுல ஸ்ரீரங்கம் தீவு. அதுக்கப்புறம் கல்லணையில வெண்ணாறு, கீழ போகப்போக குடமுருட்டி, அரசலாறுன்னு விசிறி மாதிரி விரிஞ்சு போகுது. ஏன் அங்க மட்டும்னா அங்க நிலம் தட்டையாயிடுது, தண்ணிக்கு வேகம் கொறயுது, தூக்கிட்டு வந்த வண்டலை போட்டுட்டு புது வழி தேடுது. அதனால ஆறு பிரியணும்னு ஆசையா இருந்தா கடலுக்குக் கிட்ட டெல்டாவுல பிரியுங்க, மனசார எத்தன கை வேணா போடுங்க.

இதுக்கெல்லாம் விதிவிலக்கு இருக்கு. வெனிசுவேலாவுல காசிகியாரேன்னு ஒரு ஆறு, ஒரினோகோவுல இருந்து பிரிஞ்சு போய் ரியோ நீக்ரோ வழியா அமேசானோட சேருது, ரெண்டு பெரிய ஆத்து அமைப்பை இயற்கையே கால்வாய் வெட்டி இணைச்ச மாதிரி. போட்ஸ்வானாவுல ஒகவாங்கோ ஆறு கடலுக்கே போகாம பாலைவனத்து ஓரத்துல டெல்டாவா விரிஞ்சு அங்கேயே ஆவியாயிடுது. நம்ம வைகையும்தான், ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போயிட்டு கடலைத் தொட்டும் தொடாம நிக்கும். இந்த மாதிரி ஒண்ணை உங்க உலகத்துல வைக்கலாம், தாராளமா வைங்க, ஆனா அப்படி ஒண்ணு இருந்தா அந்த ஊர்க்காரங்க அதப்பத்தி பேசுவாங்க, கதை கட்டுவாங்க, கோயில் கூட கட்டுவாங்க, அது உங்களுக்கே தெரியாம நடந்த தப்பா மட்டும் இருக்கக் கூடாது. ஏரிக்கும் இதே கதைதான், எத்தன ஆறு வேணா உள்ள வரலாம், வெளிய போறது வழக்கமா ஒண்ணுதான், ஏன்னா கரையில எது ரொம்ப தாழ்வான எடமோ அது வழியாத்தான் வழியும். வெளிய வழியே இல்லன்னா ஏரி உப்பாயிடும், சாக்கடல் மாதிரி. ஒரு உப்பு ஏரி வச்சீங்கன்னா உப்பு வியாபாரம் வரும், உப்புக்கு சண்டை வரும், கதைக்கு கதையும் ஆச்சு.

ஆறு வந்தா அதுக்குத் தண்ணி வேணும், தண்ணிக்கு மழை வேணும், மழைக்கு காத்து எந்தப் பக்கம் இருந்து அடிக்குதுன்னு தெரியணும். மேப் ஓரத்துல ஒரு அம்புக்குறி போட்டு இதுதான் காத்து வர்ற திசைன்னு முடிவு பண்ணுங்க, கடல்ல இருந்து ஈரத்தோட வர்ற காத்து மலையில முட்டி மேல ஏறும், ஏற ஏற குளிரும், குளிர்ந்தா மழையா கொட்டிடும், மலையத் தாண்டி இறங்கறப்ப ஈரம் இருக்காது. அதுதான் மழை மறைவுப் பிரதேசம், ஸ்கூல்ல படிச்சது. வால்பாறை கிட்ட சின்னக்கல்லார்ல வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டர் தாண்டி கொட்டுது, அங்கேருந்து மலை இறங்கி கோயம்புத்தூர் வந்தா 600, 700 தான். பஸ்ல நாலு மணி நேரம். ஆனா மலையில ஓட்டை இருந்தா கதை மாறிடும், பாலக்காட்டு கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு தொறந்து கெடக்கு, அது வழியா காத்தும் சாரலும் ஆளுங்களும் வியாபாரமும் எல்லாம் வருது. அதனால மலைத்தொடர் போட்டா அதுல ஒரு ரெண்டு எடத்துல கணவாய் விடுங்க, படையெடுப்பு, சுங்கச்சாவடி, கொள்ளைக்காரன், எல்லாம் அங்க வந்து உக்காருவாங்க. பாலைவனம் வேணும்னா மலைக்கு பின்னாடி வைங்க, இல்ல உங்க உலகம் உருண்டைன்னா பூமத்திய ரேகையில இருந்து 30 டிகிரி பக்கம் வைங்க, சஹாரா, அரேபியா, தார், தெக்க கலஹாரி, ஆஸ்திரேலியான்னு நம்ம பூமியில பெரிய பாலைவனம் எல்லாம் அந்தப் பட்டையைச் சுத்தித்தான் இருக்கு. பனிமலைக்கு அடுத்த தெருவுல பாலைவனம், அதுக்கு அடுத்த தெருவுல மழைக்காடுன்னு அடுக்கினா அது தீம் பார்க்.

இதுல நமக்கு பத்தாம் கிளாஸ்ல மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின ஐந்திணை திடீர்னு உதவும், நான் சத்தியமா சொல்றேன். குறிஞ்சி முல்லை மருதம் நெய்தல் பாலைன்னு நிலத்தைப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் என்ன மரம், என்ன மிருகம், என்ன சாப்பாடு, என்ன பறை, என்ன தொழில்னு கருப்பொருள் பட்டியல் போட்டு வச்சிருக்காங்க இல்ல, உலகத்தை உருவாக்கறவனுக்கு அத விட நல்ல ஃபார்ம் கிடைக்காது. என் நோட்டுல ஒவ்வொரு பகுதிக்கும் அதே கட்டத்தைத்தான் போடறேன், பேரெல்லாம் என்னோடது. அதுலயும் பாலைன்னு தனியா ஒரு நிலம் இல்ல, முல்லையும் குறிஞ்சியும் மழையில்லாம காஞ்சு போனா அதுதான் பாலைங்குது சிலப்பதிகாரம். உங்க மேப்ல ஒரு பகுதிய மழை பொய்ச்சதால பாலையானதுன்னு குறிச்சுப் பாருங்க, அங்க யார் இருந்தாங்க எங்க போனாங்கங்கற கேள்வி உடனே வந்துடும்.

ஊருங்க எங்க வைக்கறதுன்னு கேட்டா, தண்ணி கிட்டத்தான், ஆனா எந்தத் தண்ணி கிட்டங்கறது முக்கியம். ரெண்டு ஆறு சேர்ற எடம், ஆத்தை நடந்தே கடக்கற ஆழமில்லாத எடம், ஆறு கடல்ல சேர்ற முகம், கணவாயோட வாசல், இதெல்லாம் தானா ஊராகற எடங்கள். ஜெர்மனியில ரைனும் மோசலும் கூடற எடத்துல கோப்லென்ஸ்னு ஒரு ஊரு, கூடுதுறைங்கற லத்தீன் வார்த்தைதான் தேஞ்சு அந்தப் பேராச்சு, நம்ம பவானி கூடுதுறை மாதிரியேதான். வெறும் சமவெளி நடுவுல ஒரு தலைநகர் வச்சீங்கன்னா குடிக்கறதுக்கு என்ன பண்றாங்கன்னு சொல்லணும்.

பேர் வைக்கறதுல புதுசா வர்றவங்க ரொம்ப சறுக்கறாங்க, நானும்தான், க்ஸார்த்தோனியா, ஜெல்மிராக்ஸ்னு வாய்ல நுழையாத பேரா வச்சா ஃபேன்டஸி ஆயிடும்னு நெனப்பு. நெஜ ஊர்ப் பேரு எதையோ சொல்லும். பட்டினம்னு முடிஞ்சா கடல் இருக்கு, துறைன்னா படகு வந்து நின்ன எடம், பாளையம்னா படை தங்கின எடம், குறிச்சின்னா மலையோர ஊரு, குளம், ஏரி, காடுன்னு முடியறதுக்கு விளக்கமே வேணாம். நீங்க ஒரு நாலஞ்சு விகுதிய நீங்களா கண்டுபிடிச்சு, இது மலையூருக்கு இது துறைமுகத்துக்குன்னு வச்சுக்கிட்டு அதையே திரும்பத் திரும்பப் போடுங்க, படிக்கறவனுக்கு சொல்லித் தராமலே மூணாவது பேர்ல புரிஞ்சிடும். எல்லை தாண்டி அடுத்த நாட்டுக்குப் போனதும் விகுதி மாறணும், அப்பதான் வேற பாஷை பேசற ஆளுங்கன்னு தெரியும். எல்லையோரத்துல ரெண்டும் கலந்த பேர் ஒண்ணு ரெண்டு இருந்தா இன்னும் நல்லது.

இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப பிடிச்ச பயிற்சி ஒண்ணு இருக்கு. சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் எழுதின உரையில, கடல் கொண்ட தென்னாட்டைப் பத்தி சொல்றப்ப பஃறுளி ஆத்துக்கும் குமரி ஆத்துக்கும் நடுவுல எழுநூறு காவதம்னு ஒரு அளவும், அதுல இருந்த 49 நாட்டோட பட்டியலும் வரும்: ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்முன்பாலை, ஏழ்பின்பாலை, ஏழ்குன்ற நாடு, ஏழ்குணகாரை, ஏழ்குறும்பனை. அது நெஜமா பொய்யாங்கற சண்டைக்கு நான் வரல, தயவுசெஞ்சு என்ன இழுக்காதீங்க. நான் சொல்றது, ஒரு வரி வர்ணனை கூட இல்லாம வெறும் பேரை வச்சே அந்த நிலத்தை வரையலாம் பாருங்க. தெங்குன்னா தென்னை, அப்ப தென்னந்தோப்பு இருக்கற ஈரமான பக்கம். குன்றம்னா மேடு. முன்பாலை பின்பாலைன்னு ரெண்டு வறண்ட பகுதி, எதுக்கு முன்னாடி எதுக்குப் பின்னாடி, நடுவுல ஏதோ ஒண்ணு இருந்திருக்கணும்ல? குணக்குன்னா கிழக்கு. குறும்பனைன்னா குட்டைப் பனை, அப்ப மணல் பாங்கான எடமா இருக்கலாம். வடக்க ஒரு ஆறு தெக்க ஒரு ஆறு போட்டுட்டு இந்த ஏழு வகையையும் நடுவுல எப்படி அடுக்குவீங்கன்னு ஒரு பேப்பர்ல முயற்சி பண்ணுங்க, பத்து பேர் வரைஞ்சா பத்து மேப் வரும், ஆனா பத்துலயும் மழை எந்தப் பக்கம்னு முடிவு பண்ணாம ஒருத்தராலயும் முடிக்க முடியாது.

அந்தக் காவதம் எவ்ளோ தூரம்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்வாங்க, அதனால உங்க மேப்புக்கு அளவுகோல் நீங்களே தெளிவா வச்சுக்கங்க. எனக்கு வசதியா இருக்கறது 1 செ.மீ.க்கு 25 கி.மீ. ஏன்னா சுமாரான பாதையில மூட்டை தூக்கிட்டு ஒரு ஆள் ஒரு நாளைக்கு அவ்ளோதான் நடப்பான், அப்ப ஒரு சென்டிமீட்டர் ஒரு நாள் நடை. ஏ4 பேப்பரோட நீளம் கிட்டத்தட்ட 30 செ.மீ., அப்ப அந்த நாட்டை நடந்து கடக்க ஒரு மாசம், 750 கிலோமீட்டர், சென்னையில இருந்து கன்னியாகுமரி தாண்டி கொஞ்சம் கடல்ல இறங்கற தூரம். மலைப்பாதைன்னா பாதியா குறைச்சுக்கங்க. கப்பல் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்துல போனாக்கூட ராத்திரி பகல் நிக்காம ஓடறதால 24 மணி நேரத்துல 170, 180 கிலோமீட்டர் போயிடும், அதாவது ஏழு செ.மீ. அதனாலதான் அந்தக் காலத்துல பக்கத்து மலைக்கு அந்தாண்ட இருக்கற ஊர விட கடலுக்கு அந்தாண்ட இருக்கற ஊரு கிட்டத்துல இருந்த மாதிரி. ஒரே ஒரு எச்சரிக்கை, ரொம்ப பெருசா வரையாதீங்க. இங்கிலாந்தும் தமிழ்நாடும் பரப்பளவுல கிட்டத்தட்ட ஒண்ணுதான், ரெண்டும் 1,30,000 சதுர கிலோமீட்டர் பக்கம், அந்த எடத்துக்குள்ள எத்தன ராஜா எத்தன போர் எத்தன நூறு வருஷம் நடந்திருக்கு. கதைக்கு ஒரு டெல்டாவே தாராளம், கண்டம் வேணும்ங்கறதெல்லாம் ஆசை.

கடைசியாத்தான் வரையற விதம். யார் வரைஞ்ச மேப் இதுன்னு முடிவு பண்ணிக்கங்க, உங்க உலகத்துக்குள்ளயே ஒருத்தன் வரைஞ்சதா இருந்தா அவனுக்குத் தெரியாததும் அவன் நம்பற பொய்யும் அதுல இருக்கும். வடக்கு மேல இருக்கணும்னு கூட சட்டம் இல்ல, 1154ல சிசிலி ராஜாவுக்காக அல் இத்ரீசி பண்ணின மேப்ல தெக்குதான் மேல. 17ஆம் நூற்றாண்டு மேப் நெறயத்துல கலிஃபோர்னியா தீவா மிதக்கும், 1747ல ஸ்பெயின் ராஜா அது தீவு இல்லன்னு ஆணையே போட வேண்டியிருந்துச்சு. கடல்ல பூதம் வேணும்னா 1539ல ஓலாஸ் மாக்னஸ் வரைஞ்ச கார்ட்டா மரீனாவ பாருங்க, நார்வே பக்கத்துக் கடல் பூரா கப்பல முழுங்கற மிருகமா இருக்கும். பழைய மேப்ல எல்லாம் தெரியாத எடத்துல 'இங்கே டிராகன்கள் உண்டு'ன்னு எழுதுவாங்கன்னு எல்லாரும் நம்பறாங்க, தேடிப் பாத்தா அந்த வாசகம் 1510 வாக்குல செஞ்ச ஹன்ட் லெனாக்ஸ்ங்கற சின்ன செம்பு உருண்டையிலயும் அத மாதிரியே நெருப்புக்கோழி முட்டை ஓட்டுல செஞ்ச ஒண்ணுலயும்தான் இருக்கு. ஆக டிராகன் போடறதுல தப்பில்ல, ஆனா காலியா விட்ட எடம் அத விட பயமுறுத்தும்.

கம்ப்யூட்டர்ல பண்ணணும்னா அஸ்கார் ஃபேன்டஸி மேப் ஜெனரேட்டர் பிரவுசர்லயே இலவசமா ஓடும், ஒரு க்ளிக்ல மலை ஆறு நாடு எல்லாம் போட்டுக் குடுத்துடும், அது ஆறை எப்படி ஓட விடுதுன்னு கவனிக்கறதே ஒரு பாடம். அழகா வேணும்னா இன்கார்னேட், காசு குடுத்து வாங்கறதா இருந்தா வொண்டர்டிராஃப்ட், கையால வரையற பழக்கம் இருந்தா க்ரீட்டா. தமிழ்ல பேர் எழுதப் போறீங்கன்னா முதல்லயே ஒரு வார்த்தை டைப் பண்ணி சோதிச்சுப் பாத்துடுங்க. நான் ஒரு சாஃப்ட்வேர்ல மூணு வாரம் உழைச்சு மேப் முடிச்சுட்டு ஊர்ப்பேர் போட ஆரம்பிச்சா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் பிரிஞ்சு நிக்குது, ஆத்தோட வளைவுல எழுத்தை வளைச்சா இன்னும் மோசம், 'கொ' மூணு துண்டா ஆத்துல மிதந்துட்டு போச்சு. கடைசியில பிரிண்ட் எடுத்து பேனாவால எழுதினேன், டீ டிகாஷன்ல நனைச்சு காய வச்சேன், பழைய ஓலை மாதிரி ஆயிடுச்சு, அதுதான் இப்பவும் என் மேஜை மேல இருக்கு.

அந்தப் புது மேப்பையும் பெரியப்பாகிட்ட காட்டினேன். இந்த தடவ ஒரு மலை, ஒரு முதுகு, ஒரே ஒரு பெரிய ஆறு, கீழ டெல்டா. ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லாம ஆத்தோட கூடவே விரலை ஓட்டிட்டே வந்தாரு, கடல் வரைக்கும் வந்துட்டு திரும்ப மேல போய் மலையடிவாரத்துல நான் சும்மா அழகுக்கு வச்சிருந்த ஒரு கோட்டையில நிறுத்தினாரு. "இவன் இங்க ஒரு அணையப் போட்டு அடைச்சுட்டான்னா கீழ உள்ளவன் என்னடா பண்ணுவான்?"ன்னாரு. நான் இப்ப அந்தக் கதையத்தான் எழுதிட்டு இருக்கேன், பதினோராவது அத்தியாயம், அணை இன்னும் உடையல.